எங்கள் வீட்டுச் செருப்புத் திருடி

எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை, கால்கள்தான் நிற்கும். வில்லியனூரில் ஒரு செருப்புக் கடையில் வெகு காலமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் காலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஏழு போதாது, உங்களுக்கு விரல் அகலம்" என்று சொல்லிச் சொல்லியே என் பார்வை முழங்காலுக்கு மேலே ஏறுவதை நிறுத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாராவது நலம் விசாரித்தால், முதலில் குனிந்து செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஆள் யாரென்று தெரிந்துகொள்வேன். அடக்கமான பெண் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நல்ல எண்ணத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

இப்படிப்பட்டவள் வீட்டுக்குச் செருப்புக் கடிக்கிற நாய் வந்து சேர்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? கடைக்கு வியாபாரம் பிடிக்க நாய் வளர்க்கிறாள் என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவரும் தன் பங்குக்கு, "யக்கா, தீபாவளிக்கு உங்களுக்கு போனஸ் குடுக்கறப்ப உங்க நாய்க்கும் சேத்து குடுத்துடறன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நாயை என் கையில் கொடுத்ததே அவர்தான். ஒரு மழைச் சாயங்காலம் ஷட்டரை இறக்கப்போன நேரத்தில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நனைந்துபோய் ஒரு குட்டி கிடந்தது. செம்மண் நிறம், காது மட்டும் கறுப்பு. பாய் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, "நான் தொழுவப் போவணும்கா, என்னால தொட முடியாது. அதுக்குன்னு மழையில வுடவும் மனசு வரல. நீங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போறீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பிப் பாலும் பிஸ்கட்டும் வரவழைத்தார். நான் அதை ஒரு பெரிய ஷூ பெட்டியில் வைத்து, மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர் உறுவையாறு போகிற வழியில் இருக்கிறது. அந்தத் தூரம் முழுக்க அது என் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டே வந்தது.

அந்த நாய் எனக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் நேராகவே சொல்லிவிடுகிறேன். மகளைக் கட்டிக்கொடுத்ததும் அவள் ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர், குடி கிடையாது, கோபம் கொஞ்சம் உண்டு. ஆனால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் கண் செல்போனில் ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்க அடுத்தவர் காலைத் தொட்டுத் தொட்டு வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கேட்டைத் திறப்பேன். அவர் தலை நிமிராது. கேட் சத்தம் கேட்டதற்கு அடையாளமாக ஒரு "ம்" வரும். குட்டி வந்த பிறகு, கேட் கொக்கியில் என் கை படும் முன்பே அது தெரு அதிர ஓடி வரும். உடம்பு முழுவதும் வாலாகி ஆடும். என்னைக் கண்டதும் இவ்வளவு சந்தோஷப்பட ஒரு உயிர் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதற்காக எத்தனை செருப்பையும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

பல் முளைக்கிற வயதில் அது கடிக்காத பொருள் இல்லை. துடைப்பம், நாற்காலிக் கால், டிவி ரிமோட், வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கூடு, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் வால். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன யோசனைப்படி செருப்புகளின் மேல் மிளகாய்த்தூள் தூவினேன். நாய் ஒரு தும்மல் போட்டுவிட்டு விலகிப் போயிற்று. வீட்டுக்காரர் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், பாதி வழியில் காலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அன்று அவர் சொன்னதை எழுத முடியாது.

பிறகு மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். ஊசி போட வந்த ஒரு கன்றுக்குட்டி அவர் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டிருக்க, அதை விடுவித்துக்கொண்டே என் குறையைக் கேட்டார்.

"குட்டி நாயி கடிக்கத்தான்மா செய்யும். கடிக்காதன்னு சொன்னா அதுக்குப் புரியாது. அதுக்குன்னு கடிக்க ஒண்ணு குடுங்க. நீங்க காப்பாத்தணும்னு நெனைக்கிற பொருள எட்டாத எடத்துல வைங்க. தோண்டறதும் அப்படித்தான், அதுக்குன்னு ஒரு மூலைய வுட்டுக் குடுத்துடுங்க. காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா நல்லா நடக்க வைங்க."

"கடிச்சதுக்கு அப்பறம் இவுரு அத்த இழுத்துக்கினு வந்து காட்டித் திட்டறாருங்க. அதுவும் தலைய தொங்கப் போடுது, தப்பு பண்ணிட்டோம்னு அதுக்குத் தெரியுது" என்றேன்.

"தெரியாதும்மா. உங்க வூட்டுக்காரர் கத்தறாருன்னு மட்டும்தான் தெரியும். இன்னாத்துக்குன்னு தெரியாது."

இது எனக்கு உடனே விளங்கியது. எனக்கும் பல நாள் அப்படித்தான் இருந்திருக்கிறது.

டாக்டரம்மா சொன்னபடி செய்தேன். காய்ந்த தேங்காய் மட்டையைப் போட்டால் அது மணிக்கணக்கில் நார் நாராகக் கிழித்துக்கொண்டு கிடந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய மணல் பக்கவாட்டில் குவிந்திருந்தது. அதற்குள் கறிக்கடை எலும்பைப் புதைத்து வைத்து, "தோண்டு" என்று காட்டிக்கொடுத்தேன். இரண்டு மூன்று முறையில் பிடித்துக்கொண்டது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் குளத்தங்கரை வரை நடத்திக் கூட்டிவருவேன். நாற்காலிக் கால்கள் பிழைத்தன. துடைப்பம் துடைப்பமாகவே இருந்தது. நான் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். கடையில் செருப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் நாய் வளர்ப்பு பற்றி இலவசமாக உபதேசம் செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரருக்கு இயற்கை விவசாயம் வந்தது. சிலருக்கு மஞ்சள் காமாலை வருவதுபோல அவருக்கு அது வந்தது. எந்நேரமும் வீடியோதான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கையளவு தோட்டத்தில் நான்கு குட்டைத் தென்னங்கன்றுகள் நட்டார், கத்தரி போட்டார், ரோஜாப் பதியன் வைத்தார். அதோடு விட்டாரா? மீன் அமிலம் தயாரிக்க ஆரம்பித்தார். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடைக்குப் போட்டு மூடி வைத்து, ஊறிப் புளித்ததும் வடிகட்டினால் தேன் நிறத்தில் ஒரு தண்ணீர் வரும். அதைத் துளியளவு எடுத்து வாளித் தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றினால் செடி பிய்த்துக்கொண்டு வளரும் என்பது வீடியோவின் வாக்கு. மணப்பட்டிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டு வருகிறவர், குடலையும் தலையையும் கவரில் கட்டி இவருக்கென்றே சும்மா கொடுத்துவிட்டுப் போவார். முருங்கை மரத்தடியில் ஒரு நீல டிரம் வந்து உட்கார்ந்தது.

"நாத்தமே இல்ல பாரு. பழ வாசனை அடிக்கிது" என்று மூடியைத் திறந்து காட்டினார்.

எனக்குப் பலாப்பழத்துக்குள் கருவாட்டை வைத்து மூடியதுபோல இருந்தது. ஆனால் மனிதர் இத்தனை நாளுக்குப் பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு வேலை செய்கிறாரே என்று, "ஆமாங்க, பழந்தான்" என்று சொல்லிவைத்தேன்.

அளவு விஷயத்தில் மட்டும் அவர் வீடியோவைக் கேட்கவில்லை. "புள்ளைக்கு சோறு போடறப்ப அளந்தா போடுவாங்க?" என்று சொல்லி மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினார். ஊரில் கேட்டவர்களுக்கும் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். பழைய தண்ணீர் பாட்டில்களில் நிரப்பி, தெருவில் பாதி வீட்டுக்கு நடந்து போய்க் கொடுத்து, எப்படி ஊற்ற வேண்டும் என்று நின்று காட்டிவிட்டு வந்தார். கோயிலில் சாமியாருக்கு உதவியாக ஜெபம் நடத்துகிற உபதேசியார் வீட்டு வாசல் ரோஜாவுக்கு இவரே வாரம் ஒரு முறை போய் ஊற்றினார்.

அடங்கியிருந்த நாய் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை நாற்காலியும் இல்லை, துடைப்பமும் இல்லை. செருப்பு, செருப்பு, செருப்பு மட்டும்தான். எங்கள் வீட்டுச் செருப்பைத் தின்று முடித்துவிட்டு, கேட்டின் அடியில் புகுந்து தெருவுக்குப் போயிற்று. காலையில் கதவைத் திறந்தால் யாராவது ஒருவர் ஒற்றைச் செருப்போடு நிற்பார். இன்னொன்று மணல் குவியலில் இருக்கும், அல்லது இருந்ததற்கு அடையாளம் இருக்கும். கடைக்குப் போனதும் அதே அளவில் ஒரு ஜோடி எடுத்து என் கணக்கில் எழுதச் சொல்வேன். பாய் சிரித்துக்கொண்டே எழுதுவார். ஊர் எங்கள் நாய்க்குச் 'செருப்புத் திருடி' என்று பெயர் வைத்தது. நாங்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று.

தோண்டுவதும் அப்படியே. மணல் குவியல் இருக்க, தென்னங்கன்றின் வேரைத் தேடிப் போய்த் தோண்டியது. கன்று சாய்ந்ததும் வீட்டுக்காரர் அதை நிமிர்த்தி நட்டு, "அதிர்ச்சியில இருக்கு, ஊட்டம் குடுக்கணும்" என்று இன்னும் ஒரு மக் மீன் அமிலம் ஊற்றுவார். மறுநாள் கன்று மறுபடி சாய்ந்திருக்கும். இரண்டு மக் ஊற்றுவார். அதற்கடுத்த நாள் குழி இடுப்பளவு இருக்கும். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நானும் அவரும் எத்தனையோ முறை அந்தக் குழியின் இரண்டு கரையிலும் நின்று சண்டை போட்டிருக்கிறோம்.

உபதேசியார் தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கென்று வாங்கிய புதுத் தோல் செருப்பு போனதோடு காரியம் முற்றியது. கேட்டில் நின்று பேசிவிட்டு உபதேசியார் போனதும், வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"இங்க பாருடி, இந்த மாசம் அன்பியம் நம்ம வூட்ல. அன்னைக்கி ஒருத்தர் செருப்பு பூடுச்சின்னாலும் சரி, இனிமே இந்த நாயி இங்க கெடயாது. தம்பி ரொம்ப நாளா கேட்டுக்கினு கெடக்கறான்."

அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் கூட்டம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். வீடு கொள்ளாத கூட்டம் வரும், வாசல் கொள்ளாத செருப்பு கிடக்கும். அவருடைய தம்பி நெட்டப்பாக்கத்தில் கரும்பு போடுகிறவர். அவர் நிலத்து மோட்டார் கொட்டகையில் யாரோ ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அங்கே சங்கிலி போட்டுக் கட்ட ஒரு நாய் வேண்டும். என்னைக் கண்டு அப்படி ஓடி வருகிற ஜீவன், ஆள் நடமாட்டமே இல்லாத வயலில் ஒரு கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வருவதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, அது போன பிறகு நான் கேட்டைத் திறக்கிற சாயங்காலங்களை நினைத்தேன்.

அன்பியத்தன்று கடைக்கு லீவு போட்டேன். நாயைக் காலையில் இருமடங்கு நடத்தினேன். பின்பக்கத்தில் துணி துவைக்கிற கல்லோடு கயிறு போட்டுக் கட்டி, இரண்டு தேங்காய் மட்டையும் ஒரு பெரிய எலும்பும் வைத்தேன். வாசலில் இரண்டு அரிசி மூட்டைச் சாக்கோடு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் செருப்பை வாங்கிச் சாக்கில் போட்டேன். யாருடையது எது என்று சீட்டுக் கொடுக்கவில்லையே என்று ஒருவர் கவலைப்பட்டார். பாதி செருப்பு நான் விற்றது, அதுபோக மீதியும் காலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும் என்றேன்.

முதலில் வந்தவர்களை வீட்டுக்காரர் சும்மா விடவில்லை. செருப்பைக் கழற்றும் முன்பே பின்னால் அழைத்துக்கொண்டு போய்த் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். சாய்ந்த கன்றுகளைக் காட்டி, நாயைக் காட்டி, டிரம்மைக் காட்டி, மக்கில் மொண்டு ஊற்றியும் காட்டினார். உபதேசியார், பாட்டுக் குழுவில் பாடுகிற அக்கா, எதிர்வீட்டுத் தம்பதி எல்லாரும் காலை உதறிக்கொண்டே வந்து செருப்பைச் சாக்கில் போட்டார்கள். சாமியாரும் இன்னும் சிலரும் ஜெபம் தொடங்கும் நேரத்துக்குத்தான் வந்தார்கள். அவர்களுக்குத் தோட்டம் காட்ட அவகாசம் இல்லாமல் போனதில் இவருக்கு வருத்தம். செருப்புச் சாக்குகளின் வாயைக் கட்டி, பீரோ மேல் ஏற்றிவிட்டு நானும் போய்க் கடைசி வரிசையில் முழந்தாளிட்டேன்.

முழந்தாளிட்டவர்களின் பின்னால் இருந்து பார்த்தால் பாதங்கள்தான் வரிசையாகத் தெரியும். என் கண்ணுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. மாதாவைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் வெடிப்புகளையும் ஆணிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபமாலையின் இரண்டாம் காரணிக்கம், அதாவது இரண்டாவது பத்து மணி, ஓடிக்கொண்டிருக்கும்போது அடுப்படிக் கதவு மெல்லத் திறந்தது. நாய் உள்ளே வந்தது. அதன் கழுத்தில் கடித்து அறுத்த கயிற்றின் நுனி தொங்கியது.

எழுந்தால் ஜெபம் கெடும். கை காட்டினேன், பல்லைக் கடித்தேன், ஒன்றும் பயனில்லை. அது என்னிடம் வந்து ஒரு முறை முகத்தை உரசிவிட்டு, வரிசைக்குப் பின்னால் நடந்தது. ஒரு பாதத்தை முகர்ந்தது, விட்டது. அடுத்ததை முகர்ந்தது, விட்டது. உபதேசியார் பாதம் வந்ததும் நின்றது. உட்கார்ந்து, சாவகாசமாக நக்க ஆரம்பித்தது.

"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிய உபதேசியாரின் குரல் சட்டென்று பெண் குரலாகி மறுபடி இறங்கியது. மனிதர் ஜெபத்தை விடவில்லை, அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். நாய் அவரை முடித்துக்கொண்டு பாட்டுக்கார அக்காவிடம் போயிற்று. அங்கிருந்து எதிர்வீட்டுத் தம்பதி. சாமியாரின் பாதத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டது. கடைசியாக என் வீட்டுக்காரரின் பாதத்தில் போய் விழுந்தது பாருங்கள், உள்ளங்கால், விரலிடுக்கு, கணுக்கால், ஒரு இடம் பாக்கியில்லை.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அது நக்கிய கால்கள் எல்லாம் தோட்டம் பார்த்த கால்கள். மற்ற நாட்களில் ஒற்றைச் செருப்போடு வந்து நின்ற வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பாட்டில் போகாத வீட்டிலிருந்து ஒருவர்கூட வந்ததில்லை. செடிக்கு ஊற்றும்போது காலில் தெறித்து, செருப்பில் ஊறி, செருப்பே மீன் குழம்பாக வாசலில் கிடந்திருக்கிறது. நாய் வேறென்ன செய்யும்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இந்த ஜீவனைத் திருடியாக்கிவிட்டோம். அந்த இடத்திலேயே எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. மிச்ச ஜெபத்தை எப்படிச் சொல்லி முடித்தேன் என்று தெரியவில்லை.

ஆமென் சொன்னதும் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் நம்பவில்லை.

"பழ வாசனைக்கு நாயி வருமா? இன்னா பேசற நீ?"

நானா விடுவேன்? சாக்கிலிருந்து உபதேசியாரின் செருப்பையும் சாமியாரின் செருப்பையும் எடுத்து நடுக்கூடத்தில் வைத்தேன். நாய் சாமியாருடையதைத் திரும்பியும் பார்க்கவில்லை. உபதேசியாரின் செருப்பை நான் பிடுங்குவதற்குள் அதன் வார் போய்விட்டது. பாவம் அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் செருப்புக்கு யோகமே இல்லை. கூடமே சிரித்தது. "எங்க வூட்டு ரோஜாவ அத்த ஊத்துனதுக்கு அப்பறம்தான் தோண்டுச்சி" என்று ஒருவர், "எங்க வாழையயும்" என்று இன்னொருவர். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க குடுத்த பாட்டில நான் இன்னும் தொறக்கவே இல்ல, தப்பிச்சன்" என்றார். எல்லாரும் சிரித்ததில் வீட்டுக்காரரின் முகம் சிறுத்துப்போனதை நான் கவனித்தேன். கவனித்தும், ஜெயித்த சந்தோஷத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். முருங்கை மரத்தடியில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாண்டா. நாளைக்கி வண்டிய எடுத்துக்கினு வா. இதுக்கு மேல இங்க வச்சிக்க முடியாது."

ஒருத்தர் செருப்பு போனாலும் சரி என்று அவர் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. செருப்பு போயிருந்தது, அதுவும் என் கையால் எடுத்து வைத்த செருப்பு. கெஞ்சலாம் என்று பார்த்தால் கோபம் முந்திக்கொண்டது. நாலு பேர் முன்னால் தோற்றதற்கு வாயில்லாத ஜீவன் மேல் பழி தீர்ப்பதா என்று மனதுக்குள்ளேயே கத்திவிட்டு, பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் நாயின் தலையைத் தடவிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

கடையில் அன்று என்ன செய்தேன் என்பதைப் பாய்தான் பிறகு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். ஒரு அம்மாவுக்கு இரண்டும் இடது காலாகச் செருப்புக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அவர் திரும்பி வந்து நின்றதும் பாய் என்னைப் பார்த்தார். "இன்னாக்கா ஆச்சி? நாயா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வூட்டுக்குப் போங்க, கடைய நான் பாத்துக்கறன்" என்று அவரே ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார். அந்த ஆட்டோ, பஸ் போகிற வழியில் போகாமல் ஏரிக்கரைப் பக்கமாகப் போய் எங்கள் தெருவின் மறுமுனையில் இறக்கிவிட்டது.

கேட்டைத் திறந்தேன். ஒன்றும் ஓடி வரவில்லை. வீடு பூட்டியிருந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் அறுந்த கயிறு அப்படியே இருந்தது. மணல் குவியலில் பாதி தின்ற தேங்காய் மட்டை கிடந்தது. வாசலில் குட்டியானை லோடு வண்டியின் சக்கரத் தடம் இருந்தது. அவ்வளவுதான், போய்விட்டது என்று படியில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுகிறோம் என்று வெட்கப்படாமல், மூக்கை முந்தானையில் துடைத்துத் துடைத்து அழுதேன். ஒரு நாய்க்கு இவ்வளவா என்று கேட்கிறவர்கள், ஒரு வருடம் யாரும் தலை நிமிர்ந்து பார்க்காத வீட்டுக்குள் தினம் நுழைந்து பார்க்கட்டும்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது, நன்றாக இருட்டிவிட்டது. தெருவிளக்கு வெளிச்சத்தில் முதலில் கால்கள்தான் தெரிந்தன. செம்மண் நிறத்தில் நான்கு கால்கள், அதற்குப் பின்னால் இழுபட்டு ஓடி வருகிற, என் வீட்டுக்காரரின் ஒன்பதாம் நம்பர் கால்கள். நாய் என்னைப் பார்த்ததும் கயிற்றை அவர் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து என் மேல் விழுந்தது. முகம், காது, கண்ணீர் எல்லாவற்றையும் நக்கியது. அதன் மேல் சோப்பு வாசனையும் அதற்கு அடியில் கொஞ்சம் மீன் வாசனையும் அடித்தது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டில் நின்றார்.

"எந்த வழியா வந்த நீ? நாலு பஸ்சு போயிடுச்சி. எறங்குற பொம்பளைங்க கால எல்லாம் இது மோந்து மோந்து பாத்துக்கினு நிக்கிது. எனக்கு மானம் போவுது."

"ஆட்டோல ஏரிக்கரப் பக்கமா வந்துட்டன். நீங்க பஸ் ஸ்டாப்புக்கா போனீங்க?"

"டாக்டரம்மா சாயங்காலமும் நடக்க வைக்கச் சொன்னாங்கன்னு நீதான சொன்ன."

"தம்பி வண்டி வந்துச்சே?"

"வந்தான். டிரம்ம ஏத்திக்கினு பூட்டான். அவன் கரும்புக்கு ஊத்திக்கட்டும்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நேத்து அத்தினி பேரு காலுல, என் கால நக்கறப்பதான் அது ரொம்ப நேரம் நின்னுச்சி. பாத்தியா நீ?"

பார்த்தேன் என்றேன். அது மீன் அமிலத்துக்காக நின்றது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நான் மறுபடி அழ ஆரம்பித்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்டைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார்.

"அழுவாதடி" என்றார். "நாளைக்கி ஆட்டோல எல்லாம் வராத, பஸ்லயே வா. நாங்க வந்து நிக்கறோம்."